டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் சிறுநீரகத்தைக் காத்துக்கொள்வது எப்படி?

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர், புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்கிறார்கள். இவ்விரண்டும் சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களைச் சுருக்கக்கூடியவை. இரத்தத்தில் மருந்தின் அளவு மிகுந்தால், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் உயரும், அந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகத் திசு தழும்பேறி மீட்க முடியாமல் போகும். அந்த அச்சத்தில் மாத்திரையைத் தாமாகக் குறைப்பவர் புதிய உறுப்பையே இழக்க நேரிடும் என்பதால், மருந்தளவைச் சீராக வைத்திருப்பதே நோயாளியின் கையில் உள்ள முதல் காப்பு.

இரு வேளை மாத்திரை எடுப்பவர் 12 மணி நேர இடைவெளியைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். பழக்கத்தில் வீட்டிலேயே விழுங்கிவிட்டால் அளவு உயர்ந்து காட்டும், அதை வைத்து மருந்து தேவையின்றிக் குறைக்கப்படவும் கூடும். மருந்துக்கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் போகும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. கிருமித்தொற்றுக்குத் தரும் கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல், இரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை உயர்த்தும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் ஆகியவை வெகுவாகக் குறைத்துவிடும். பம்ப்ளிமாஸ் பழமும் அளவை உயர்த்தக்கூடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கேட்டதும் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் மாத்திரைகள் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் குழாய்களை மேலும் சுருக்குவதால், அவற்றைத் தொடவே கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சி.டி. ஸ்கேனுக்குச் சாய மருந்து செலுத்துமுன் உங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் வயிற்றுப்போக்கை நான் மிகவும் அஞ்சுகிறேன். குடல் பாதிக்கப்படும்போது டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்தில் சேரும். அதே நேரத்தில் உடலில் நீர் வற்றுவதால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்கத் தொடங்கிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனையை அழைத்து, மருந்தளவு, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வாருங்கள். இம்மருந்துகள் அதையும் சர்க்கரையையும் உயர்த்தக்கூடியவை. எழுதும்போதோ தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதோ கை புதிதாக நடுங்கினால், மருந்தளவு கூடியிருக்கலாம். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.