நர்சிங் துறைக்குத் தரநிலை எழுதும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஏதாவது ஒரு வார்டில் முப்பது கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சுவாச எண்ணிக்கை எழுதும் கட்டத்தை மட்டும் பாருங்கள். 20, 20, 20 என்று வரிசையாக இருக்கும். நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் 20, நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கும் 20. நான் இன்சார்ஜாக இருந்த வார்டிலும் இப்படித்தான் இருந்தது, அது என் கண்ணில் படவே பல மாதங்கள் ஆயின. பக்கத்தில் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணினால்தான் அந்த எண் கிடைக்கும். ஒருவருக்கு உடம்பு மோசமாகப் போகிறது என்பதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். ஆனால் ஆடிட்டில் அந்த வார்டுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது, ஏனென்றால் எங்கள் தரநிலையில் 'நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வைட்டல்ஸ் (நாடித் துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம், உடல் வெப்பம்) பதிவு செய்ய வேண்டும்' என்றுதான் எழுதியிருந்தோம். பதிவு செய்யச் சொன்னோம், பதிவு செய்துவிட்டார்கள்.

முதல் தவறு இதுதான். தரநிலை என்று நாம் எழுதுவதில் பாதிக்கு மேல் ரிஜிஸ்டரைப் பற்றியே இருக்கிறது, நோயாளியைப் பற்றி இருப்பதில்லை. நாங்கள் பிறகு செய்தது ரொம்ப எளிது: வாரத்துக்கு ஐந்து நோயாளிகளுக்கு இன்சார்ஜே நின்று மூச்சை எண்ணி, சற்று முன்பு சார்ட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் திட்டுவதில்லை, சேர்ந்து இன்னொரு முறை எண்ணுவோம். இரண்டு மாதத்தில் சார்ட்டில் 16, 24, 32 எல்லாம் வர ஆரம்பித்தன.

அடுத்தது, கை எத்தனை இருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவது. 'படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்' என்று எல்லாரும் எழுதுகிறோம், சரியான விஷயம்தான், படுக்கைப்புண் வராமல் இருக்க அது வேண்டும். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். நைட் டியூட்டி 12 மணி நேரம், வார்டில் இரண்டு நர்ஸ், திருப்ப வேண்டியவர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஆறு முறை என்றால் 48 முறை, ஒரு முறைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஐந்து நிமிடம். மொத்தம் 240 நிமிடம், அதாவது இரண்டு நர்ஸுக்கும் நான்கு மணி நேரம் இந்த ஒரு வேலையிலேயே போய்விடும். அதற்குள் ஊசி, ட்ரிப், புது அட்மிஷன், கூட இருக்கும் அட்டெண்டரின் கேள்விகள் எல்லாம் நடுவில் வரும். காலையில் ஆறு கட்டத்திலும் டிக் இருக்கும், நோயாளியின் முதுகு அடியில் சிவந்து போயிருக்கும்.

தரநிலையைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டு போய் நிர்வாகத்திடம் ஆள் கேளுங்கள் என்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் நெறிப்படி பொது வார்டில், கற்பிக்கும் மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் லிண்டா எய்க்கன் குழு செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆள் பற்றாக்குறையைத் தனி விவகாரமாக ஒதுக்கிவைத்துவிட்டுத் தரத்தைப் பற்றிப் பேச முடியாது.

இன்னொரு மருத்துவமனையின் எஸ்ஓபியை, அதாவது எந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த நடைமுறையை, வாங்கிப் பெயர் மாற்றி வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்த ஒரு இடத்தில், அங்கே இல்லாத தீக்காயப் பிரிவுக்கு நான்கு பக்கம் இருந்தது. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், அதை எப்படிச் செய்வீர்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், அதையும் வார்டு சிஸ்டர்களை உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

எண்களில் நடக்கும் தவறு கொஞ்சம் நுணுக்கமானது. இரண்டு வார்டிலும் இந்த மாதம் மூன்று பேர் கீழே விழுந்தார்கள், அதனால் இரண்டும் சமம் என்று மீட்டிங்கில் பேசுவோம். ஒரு வார்டில் 900 நோயாளி-நாட்கள் (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒன்று என்ற கணக்கு), இன்னொன்றில் 300 என்றால், ஆயிரம் நோயாளி-நாளுக்கு முதலாவதில் 3.3, இரண்டாவதில் 10. வகுக்கும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறும்: சிறுநீர்க் குழாய்த் தொற்றுக்குக் குழாய் போட்டிருந்த நாட்கள், வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு வென்டிலேட்டர் நாட்கள். அப்புறம் அளவுகோல்களில் ஒரு குழப்பம், புதுசாகச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது. கீழே விழும் ஆபத்தைப் பார்க்கும் மோர்ஸ் அளவில் மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். படுக்கைப்புண்ணுக்கான பிரேடன் அளவில் தலைகீழ், 6 முதல் 23 வரை, குறையக் குறைய ஆபத்து. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சடித்திருந்தால் இரவு மூன்று மணிக்கு யாருக்கும் தவறும். எது ஆபத்தான பக்கம் என்று படிவத்திலேயே நிறம் போட்டுக் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு மனசு ஆறாத தவறு ஒன்று உண்டு. மருந்துப் பிழையைத் தானாக வந்து சொன்ன ஒரு சிஸ்டருக்கு மெமோ கொடுத்தார்கள். காலை டோஸ் ஆன்டிபயாடிக்கைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டுவிட்டாள், இருவருக்கும் பெயர் ஒன்றே, உடனே உணர்ந்து டாக்டரைக் கூப்பிட்டாள், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆறு மாதம் அந்தத் தளத்தில் ஒரு மருந்துப் பிழைகூடப் பதிவாகவில்லை, 'பூஜ்ஜியம்' என்று சார்ட்டில் பச்சை நிறத்தில் காட்டினார்கள். ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் போடுவது அப்படியே தொடர்ந்தது, ஏனென்றால் அதை யாரும் கேட்கவே இல்லை. உங்கள் தரநிலையில் 'மருந்துப் பிழை: இலக்கு பூஜ்ஜியம்' என்று இருந்தால் இன்றைக்கே அடித்துவிட்டு, இந்த மாதம் எத்தனை பேர் தாங்களாக வந்து சொன்னார்கள், அதில் எத்தனைக்குக் காரணம் கண்டு சரிசெய்தோம் என்று இரண்டு கேள்வியை எழுதுங்கள். முதல் மூன்று மாதம் எண்ணிக்கை ஏறும். அதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மெமோ உங்களுக்கு வரும்.