தோவாளை பூ விலை: போஸ்ட்மெட்டாவில் வைப்பதா, தனி டேபிள் போடுவதா?

கன்னியாகுமரி மாவட்டத் தோவாளை மார்க்கெட்டின் தினசரி பூ விலையை ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் போடுவதாக வைத்துக்கொள்வோம். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி என்று 20 வகை. ஒவ்வொன்றுக்கும் தேதி, குறைந்த விலை, கூடிய விலை, வரத்து. புதிதாக பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) எழுதுகிறவருக்குக் கை முதலில் போகும் இடம் போஸ்ட்மெட்டா, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் (போஸ்ட்) உரிய கூடுதல் விவரங்களை வேர்ட்பிரஸ் வைக்கும் டேபிள். பல வேலைகளுக்கு அது போதும், இந்த வேலைக்கு ஒத்துவராது.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்க வேண்டாம், பேப்பர் போதும். தளத்துக்கு வருகிறவர் என்ன கேட்பார்? போன ஓணத்துக்கு முந்தின பத்து நாளில் கிலோ 1000 ரூபாயைத் தாண்டிய பூக்கள் எவை? ஆவணியில் மல்லியின் சராசரி விலை என்ன? பிச்சியின் படம் எங்கே? கேரள வியாபாரிக்காக மலையாளத்தில் அதன் பெயர் என்ன?

கடைசி இரண்டும் வெறுமனே எடுத்துக் காட்டும் வேலை. முதல் இரண்டில் தேட வேண்டும், கணக்குப் போட வேண்டும். என்னைக் கேட்டால் முடிவு எடுக்க வேண்டியது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். டேட்டா எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

படி 2: போஸ்ட்மெட்டாவைத் திறந்து பாருங்கள்

நான்கே நெடுவரிசைகள்: மெட்டா ஐடி, போஸ்ட் ஐடி, மெட்டா கீ, மெட்டா வேல்யூ. விலையோ தேதியோ, எதைப் போட்டாலும் மெட்டா வேல்யூவில் லாங்டெக்ஸ்ட்டாக, அதாவது எழுத்தாகத்தான் உட்காரும். எழுத்து வரிசையில் 900 என்பது 1200-ஐ விடப் பெரியது! எண்ணாக மாற்றி வரிசைப்படுத்த வேர்ட்பிரஸில் வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு வரியையும் எடுத்து மாற்றியாக வேண்டும். இண்டெக்ஸ் (சட்டென்று தேட உதவும் குறிப்பு வரிசை) இருப்பது போஸ்ட் ஐடிக்கும் மெட்டா கீக்கும்தான், வேல்யூவுக்கு இல்லை. அதனால் '1000-க்கு மேல்' என்று கேட்டால் விலை என்ற கீ உள்ள எல்லா வரிகளையும் புரட்ட வேண்டியதுதான். இதோடு தேதியும் சேர்ந்தால் அதே டேபிளை இன்னொரு முறை ஜாயின் செய்யும், அதாவது இணைத்துப் பார்க்கும். நிபந்தனை கூடக் கூட ஜாயினும் கூடும்.

கணக்கைப் பாருங்கள். 20 பூவுக்கு, எந்தப் பூ என்பதையும் சேர்த்து ஐந்து விவரம் என்றால் நாளைக்கு 100 மெட்டா வரிகள், வருஷத்துக்கு 36,500. தனி டேபிளில் இதுவே 7,300 வரிகள்தான்.

சும்மா காட்டுவதற்கு மட்டும் என்றால் மெட்டா நன்றாகவே ஓடும். பட்டியலில் வரும் போஸ்ட்டுகளின் மெட்டா முழுவதையும் வேர்ட்பிரஸ் ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) எடுத்து கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துவிடும். தேடல் கூடும்போதுதான் திணறல். ஆன்லைன் கடைக்கான பிளகினான வூகாமர்ஸும் ஆர்டர்களை வெகுகாலம் போஸ்ட், போஸ்ட்மெட்டா டேபிள்களில்தான் வைத்திருந்தது. 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதுக் கடைகளுக்குத் தனி ஆர்டர் டேபிள்கள்தான் இயல்பு அமைப்பு.

படி 3: பிரியுங்கள்

பூ என்பது ஒரு போஸ்ட். படமும் மலையாளப் பெயரும் அதன் மெட்டாவிலேயே இருக்கட்டும். தினம் மாறும் விலையும் வரத்தும் மட்டும் தனி டேபிளுக்குப் போகட்டும். எல்லாவற்றையும் தனி டேபிளுக்குத் தூக்கிக்கொண்டு போவது வீண் வேலை.

படி 4: டேபிள் போடுங்கள்

ஐடி, பூவின் போஸ்ட் ஐடி இரண்டுக்கும் பிக்இன்ட் அன்சைன்ட் (மைனஸ் இல்லாத பெரிய முழு எண்). தேதிக்கு டேட். விலைகளுக்கு டெசிமல் 8,2 (மொத்தம் எட்டு இலக்கம், அதில் இரண்டு புள்ளிக்குப் பிறகு). வரத்துக்கும் டெசிமலே சரி. டேபிள் பெயருக்கு முன்னால் தளத்தின் பிரிஃபிக்ஸை (முன்னொட்டை) சேர்க்க மறக்க வேண்டாம்.

இண்டெக்ஸில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பூ ஐடி, தேதி இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து ஒரு யுனிக் கீ போடுங்கள். ஒரே பூவுக்கு ஒரே நாளில் இரண்டு வரி ஏறாது, மல்லியின் ஆவணி விலையும் சட்டென்று கிடைக்கும். ஆனால் பத்து நாளில் எல்லாப் பூக்களும் என்ற கேள்விக்கு இது உதவாது, ஏனென்றால் இதில் முதலில் நிற்பது பூ ஐடி. அதற்காகத் தேதிக்குத் தனியாக இன்னொரு இண்டெக்ஸ். விலைக்கு வேண்டாம். பத்து நாளுக்கு 200 வரிகள்தானே, அதில் வடிகட்டுவது பெரிய வேலையில்லை.

டேபிளை உருவாக்க, பிளகின் ஆக்டிவேட் ஆகும்போது வேர்ட்பிரஸின் டிபிடெல்டா ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். அது பிடிவாதக்காரப் பிறவி: ஒரு வரிக்கு ஒரு நெடுவரிசைதான், 'பிரைமரி கீ'க்குப் பிறகு இரண்டு ஸ்பேஸ் வேண்டும், 'இண்டெக்ஸ்' என்று எழுதாமல் 'கீ' என்றே எழுத வேண்டும்.

படி 5: கூடுதல் வேலைக்குத் தயாராகுங்கள்

இனி அந்த டேபிள் உங்கள் பொறுப்பு. வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் ஃபைலில் அது வராது, ரிவிஷன் (பழைய பதிப்பு) கிடையாது, கேஷையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குவெரியில் வெளியிலிருந்து வரும் எதையும் பிரிப்பேர் (மதிப்புகளைப் பாதுகாப்பாகச் சேர்க்கும் வேர்ட்பிரஸ் ஃபங்ஷன்) வழியாக மட்டுமே அனுப்புங்கள்.

படி 6: எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பாருங்கள்

குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் சேர்த்து ஓட்டினால், எந்தக் கீயை எடுத்தது, எத்தனை வரியைப் பார்க்கும் என்று டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் சொல்லும். பத்து வரியை வைத்துக்கொண்டு சோதித்தால் இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாமல் போகலாம். ஒரு வருஷத்துக்கான டம்மி விலையை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள்.