மாரிக்கு முன் ஒரு சனிக்கிழமை: பழைய ஜீப்பின் சன்ரூஃப், ஷட்டர், கண்ணாடிகளை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

திருகோணமலையில் ஓடும் பழைய மொன்டெரோ, பிராடோ போன்ற பெரிய ஜீப்புகளின் கண்ணாடித் தொல்லைகளுக்கு எல்லோரும் மழையைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் கெடுதல் அதற்கு முன்னமே தொடங்கிவிடுகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை அடிக்கும் கச்சான் காற்று கதவில் ஏறி இறங்கும் கண்ணாடியான ஷட்டரின் றப்பருக்குள்ளும், கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃபின் தண்டவாளத்துக்குள்ளும் புழுதியை இறக்கும். வெயில் றப்பரைக் காயவைத்து இறுக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிற்கும் வாகனமென்றால் மணலும் கடல் உப்பும் கூடச் சேரும். ஒக்டோபரில் மாரி பிறந்ததும் எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். கால்மிதிக்கு அடியில் ஈரம், பாதியில் நிற்கும் ஷட்டர், புகார் (நீராவி மங்கல்) பிடித்த வின்ட்ஸ்கிரீன்.

கராஜுக்குப் போனால் "மோட்டர் முடிஞ்சுது", "சன்ரூஃப் பீடிங் (சுற்று றப்பர்) முழுக்க மாத்தோணும்" என்பார்கள். சில வேளை அது சரிதான். ஆனால் அடைத்த குழாய், அழுக்கேறிய றப்பர், கரி பிடித்த சுவிட்ச் ஆகிய மூன்றையும் பார்க்காமல் எந்தச் சாமானும் வாங்கக் கூடாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் இங்கே மழை கூடுதல் என்பதால் செப்டெம்பர் முடிவதற்குள் இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தங்கூசி 3 மீற்றர் (நைலோன் தூண்டில் நூல், மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், புல் வெட்டும் மெஷினின் நைலோன் நூலும் சரி), சிலிக்கோன் ஸ்பிரே ஒன்று, மின்முனைகளைத் துப்புரவாக்கும் கொன்டாக்ட் கிளீனர் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி நாலு, 12 வோல்ட் டெஸ்டர் பல்ப், நட்சத்திர ஸ்குரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்பி, உங்கள் வாகனத்துக்குரிய டோர் போர்ட் (கதவின் உட்பலகை) கிளிப் ஆறேழு. பழைய கிளிப் வெயிலில் பொரிந்திருக்கும். கழற்றும்போது இரண்டு மூன்றாவது உடையும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

டபிள்யூடி-40 ஸ்பிரே எண்ணெய் வீட்டில் இருந்தாலும் றப்பரில் அடிக்க வேண்டாம். அன்றைக்கு ஷட்டர் வழுக்கிக்கொண்டு ஏறும். பிறகு எண்ணெய் புழுதியைப் பிடித்துவைக்கும், நாளடைவில் றப்பர் ஊதித் தளரும். றப்பருக்கு சிலிக்கோன் மட்டும்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

முன் சீற்றடியில் காப்பெற் நனைந்தால் உடனே சன்ரூஃபைத் திறக்கப் போகாதீர்கள். மழையே பெய்யாத நாளில், ஏசி போட்டு ஓடிய பிறகு நனைந்தால் அது ஏசியின் வடிகுழாய் அடைப்பு. மழை பெய்த பின் மட்டும் நனைந்தால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, பொனட்டைத் திறந்ததும் வைப்பருக்குக் கீழே தெரியும் பள்ளம். வேப்பமரத்தடியில் நிற்கும் வாகனங்களில் இலையும் பூவும் சேர்ந்து அந்தப் பள்ளத்தின் ஓட்டையை அடைத்துவிடும். நிரம்பிய தண்ணீர் ஏசியின் காற்றாடி வழியே உள்ளே இறங்கும். கையால் அள்ளி எறிந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அங்கே பிழையில்லை, முன்கண்ணாடித் தூணின் உட்புறத் துணியிலோ கூரைத் துணியின் மூலையிலோ பழுப்புக் கறையும் தெரிகிறது என்றால், மற்றையது சன்ரூஃப்.

சன்ரூஃப் வடிகுழாய்

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் தண்ணீரை முழுதாக மறிக்கச் செய்யப்பட்டதல்ல. கொஞ்சம் உள்ளே வரும், வரத்தான் வேண்டும். வந்த தண்ணீர் ஓட்டு வீட்டுப் பீலியைப் போல் கண்ணாடிக்கு அடியில் சுற்றிவரும் தட்டில் விழுந்து, நாலு மூலையிலுள்ள குழாய்களால் இறங்கும். முன்னிரண்டும் முன்கண்ணாடித் தூண்களுக்குள்ளால் வந்து மட்கார்டுக்கும் முன் கதவுக்கும் நடுவே எங்காவது வெளியேறும். பின்னிரண்டும் பின்தூண்கள் வழியே பின் ரயருக்குப் பக்கத்தில் முடியும். பீடிங் புதிதாக இருந்தாலும் குழாய் அடைத்தால் தட்டு நிரம்பிக் கூரைத் துணியில் கொட்டும். பீடிங் மாற்றியும் ஒழுகுகிறது என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி சன்ரூஃபை முழுதாகத் திறவுங்கள். தட்டிலுள்ள மண்ணையும் இலையையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தண்ணீரால் அடித்துக் கழுவினால் அழுக்கு முழுதும் குழாய்க்குள்தான் போகும்.

2. முன் மூலையொன்றின் ஓட்டையைப் பார்த்து, ஒரு கோப்பைத் தண்ணீரை (200 முதல் 250 மில்லிலீற்றர்) மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஒருவர் டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். சில விநாடிகளில் தொடர்ச்சியாக ஓடிவந்தால் குழாய் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. தட்டிலேயே தேங்கி நின்றால் மேற்கொண்டு ஊற்றாதீர்கள். அடுத்த கோப்பை உங்கள் கூரைத் துணிக்குத்தான்.

3. தங்கூசியின் நுனியை லைட்டரில் இலேசாகச் சுட்டு உருண்டையாக்குங்கள். கூரான நுனி குழாயைக் கிழிக்கும். மேலிருந்து மெல்ல உருட்டி உருட்டி விடுங்கள். தடுத்தால் கொஞ்சம் பின்னிழுத்து மறுபடி விடுங்கள், பலம் போடாதீர்கள். கம்பியோ சைக்கிள் பிரேக் கேபிளோ வேண்டாம்.

4. கீழ் வாயையும் பாருங்கள். சில வாகனங்களில் அங்கே வெடிப்பு வாயுள்ள சின்ன றப்பர் மூடி இருக்கும். சேறு முதலில் அடைவது அதில்தான். விரலால் கசக்கினாலே பாதி அடைப்பு விழுந்துவிடும்.

5. அரை லீற்றர் இளஞ்சூட்டு நீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊற்றிக் கழுவி, மறுபடி கோப்பைச் சோதனை செய்யுங்கள்.

6. பின்மூலைகள் திறந்த கண்ணாடிக்கு அடியில் மறைந்திருக்கும். வாகனத்தின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சாய்வில் நிறுத்தித் தட்டின் ஓரத்தில் ஊற்றினால் தண்ணீர் பின்னோக்கி ஓடும். அடைத்திருந்தால் கீழ்வாயிலிருந்து மேல்நோக்கித் தங்கூசியை விடுவதே வழி.

ரயர் கடைக் காற்றுக் குழாயை வைத்து ஊதச் சொல்பவர்கள் நிறையப் பேர். அந்த அழுத்தத்தில் குழாய் தட்டிலிருந்து கழன்றுபோனால் உங்களுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. பிறகு ஒவ்வொரு மழையும் நேராகக் கூரைத் துணிக்குள் இறங்கும். அதைச் சரியாக்கக் கூரைத் துணி முழுதையும் இறக்க வேண்டும். ஓரங்களில் எயார்பேக் உள்ள வாகனமென்றால் அது தொடக்கக்காரர் தொடும் வேலையே அல்ல.

தண்டவாளத்தை உலர்ந்த தூரிகையால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிறீஸ் மெல்லிய பூச்சாக மட்டும் வையுங்கள். அள்ளிப் பூசினால் அடுத்த கச்சானில் அது மணல் பசையாகிவிடும். சுற்று றப்பருக்குத் துணியில் சிலிக்கோன் எடுத்துத் தடவுங்கள். திறக்கும்போது கடகட என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே பிளாஸ்டிக் கால் உடைந்திருக்கலாம். மேற்கொண்டு ஓட்டினால் கண்ணாடி கோணலாகச் சிக்கும். திறந்தபடி நின்றுவிட்டால், பல வாகனங்களில் மேல்விளக்குக்குப் பக்கத்திலுள்ள மூடியைக் கழற்றி மோட்டரின் அச்சைக் கையால் திருப்பி மூடலாம். அலன் கீயா ஸ்குரூ டிரைவரா என்பது வாகனக் கையேட்டில் இருக்கும்.

சிலிக்கோன் பசையால் சுற்றிவர ஒட்டி ஒரேயடியாக மூடிவிடுவது இன்னொரு பழக்கம். நல்லதல்ல. பசை இரண்டொரு வெயிலில் ஓரம் விடும், அதற்குள் குழாய்களை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நனைந்த காப்பெற் மேலே காய்ந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள தடித்த பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பல வாகனங்களில் வயர் இணைப்புகளும் அதன் கீழேதான் ஓடுகின்றன, செம்பில் பச்சை பிடித்தால் தொடர்பேயில்லாத விளக்கெல்லாம் டாஷ்போட்டில் எரியும். ஓரத்தைத் தூக்கிக் கட்டை வைத்து, கதவைத் திறந்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள்.

ஷட்டர் ஏறவில்லை: மோட்டரா, சுவிட்சா?

முதலில் ஓட்டுநர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சிலுள்ள லொக் பட்டனைப் பாருங்கள். பிள்ளைகள் அழுத்திவிட்டு இறங்கியிருப்பார்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது.

அடுத்தது, காசில்லாத ஒரு சோதனை. இருட்டியபின் எஞ்சினை நிறுத்தி, சாவியை ஒன் செய்து, உள்விளக்கை எரியவிட்டு ஷட்டர் சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு இலேசாக மங்கினால் மின்சாரம் மோட்டர் வரை போகிறது. பிழை மோட்டரில், கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ஷட்டர் மெஷினில் அல்லது கண்ணாடி ஓடும் றப்பரில். மங்கவே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர். எல்லாக் கதவுக்கும் ஒன்றாக வேலைசெய்யவில்லை என்றால் பியூஸை முதலில் பாருங்கள். ஒரு கதவு மட்டுமென்றால், கதவுக்கும் உடலுக்கும் நடுவே வளையும் றப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை வளைந்த வயர் அது. கதவை ஆட்டிக்கொண்டே சுவிட்சை அழுத்தும்போது விட்டு விட்டு வேலைசெய்தால் அங்கேதான்.

மெதுவாக ஏறும் ஷட்டருக்கு, கதவைக் கழற்றாமலே பாதி வைத்தியம் செய்யலாம். கண்ணாடியை முழுதாக இறக்கி, இரு பக்கச் சட்டத்திலுமுள்ள வெல்வெட் றப்பரின் பள்ளத்துக்குள் ஈரத்துணி சுற்றிய ஐஸ்கிறீம் குச்சியை விட்டுத் துடையுங்கள். கறுப்புச் சேறு வரும். துணி சுத்தமாக வரும்வரை துடைத்து, காயவிட்டு, சிலிக்கோன் அடித்து நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். அதற்கு மேல் விடாமல் ஓட்டாதீர்கள். மோட்டர் சூடானால் உள்ளேயுள்ள பாதுகாப்பு அதை நிறுத்திவிடும், சில நிமிடம் ஆறினால் மறுபடி ஓடும். அதைப் பார்த்து மோட்டர் எரிந்ததென்று பயப்படுபவர்கள் உண்டு.

இதற்கும் சரிவராவிட்டால் டோர் போர்டைக் கழற்ற வேண்டும். எயார்பேக் உள்ள வாகனமென்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி 2 நிமிடம் பொறுங்கள். உட்கைப்பிடிக்குப் பின்னாலும் கைவைக்கும் பள்ளத்துக்குள்ளும் சின்ன மூடிகளுக்குக் கீழே ஸ்குரூ இருக்கும். அவற்றை எடுத்தபின் கீழ் ஓரத்திலிருந்து நெம்பிக் கிளிப்புகளை விடுவித்து, போர்டை மேல்நோக்கித் தூக்குங்கள். இழுக்கக் கூடாது, சுவிட்ச் வயரும் கைப்பிடிக் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும்.

உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் தெரியும். அதைக் கிழிக்காமல் ஓரமாக உரியுங்கள். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, அது உள்பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். கிழித்துவிட்டு அப்படியே மூடினால் அடுத்த மழையில் சன்ரூஃபைச் சந்தேகிப்பீர்கள். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் ஓட்டைகளையும் இந்த வேளையில் குத்திவிடுங்கள்.

சுவிட்சைத் துவாயொன்றின் மேல் வைத்துத் திறவுங்கள், ஏனென்றால் உள்ளிருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் பாயும். செம்பு முனைகளில் கரி இருந்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதும். மோட்டரைச் சோதிக்க, இரண்டே வயர் உள்ள மோட்டரானால் இணைப்பைக் கழற்றி, தனியான ஒரு மோட்டார் சைக்கிள் பற்றரியிலிருந்து 20 அம்பியர் பியூஸ் போட்ட வயரால் நேராகக் கொடுத்துப் பாருங்கள். வயரை மாற்றிப் பிடித்தால் மறுபக்கம் ஓட வேண்டும். ஐந்தாறு வயருள்ள தானியங்கி மோட்டருக்கு இப்படிச் செய்யவே கூடாது.

மோட்டர் நன்றாக ஓடியும் கண்ணாடி அசையவில்லை என்றால் ஷட்டர் மெஷினில் கேபிள் அறுந்திருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். போல்டைத் தொடுமுன் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்தோடு மாஸ்கிங் ரேப்பால் இரு பக்கமும் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் விழும் கண்ணாடி உங்கள் கைமேல் விழும், அல்லது நொறுங்கும். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய மெஷின் எடுப்பித்தால், இடமா வலமா, கேபிள் வகையா கத்தரிக்கோல்போல் மடியும் கால் வகையா என்று பழையதன் படத்தை அனுப்பிய பிறகே காசு கொடுங்கள்.

பற்றரி கழற்றியபின் ஒரே அழுத்தில் ஏறும் வசதி வேலை செய்யாது. பல வாகனங்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிட்சை மேலும் சில விநாடி பிடித்திருந்தால் திரும்ப வரும்.

கண்ணாடி புகார் பிடித்தால்

விரலால் உள்ளே ஒரு கோடு இழுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. ஏசியைப் போட்டு, காற்றை வின்ட்ஸ்கிரீனுக்குத் திருப்பி, உட்சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை விடுங்கள். வெயில் காலப் பழக்கத்தில் உட்சுழற்சியிலேயே ஓட்டுவதுதான் மழைநாளில் புகாரை வளர்ப்பது. கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே; ஏசிக் குளிர் கண்ணாடியில் பட்டு வெளிக்காற்றின் நீராவி அதில் படிகிறது. குளிரைக் குறைத்து, காற்றை முகத்துக்குத் திருப்பி, வைப்பரை ஒருமுறை போட்டால் சரி.

இரவில் எதிர்வெளிச்சத்தில் கண்ணாடி பால்போல் தெரிந்தால் அது உட்புற எண்ணெய்ப் படலம். டாஷ்போட் பிளாஸ்டிக்கிலிருந்தும் நாம் பூசும் பளபளப்புப் பொலிஷிலிருந்தும் வருகிறது. சேர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சமபங்கு கலந்து ஒரு துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் எடுங்கள். உள்ளே மேலிருந்து கீழாகவும் வெளியே குறுக்காகவும் துடையுங்கள், எஞ்சும் கோடு எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். டின்ட் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா சேர்ந்த கிளீனர் வேண்டாம். பின்கண்ணாடியின் சூடாக்கும் கோடுகளைக் குறுக்கே தேய்க்காமல் கோட்டின் வழியே துடையுங்கள். உப்புப் படிந்த கண்ணாடியில் உலர்ந்த வைப்பரை ஓட்டாமல் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். பின்னால் பார்க்கும் உட்கண்ணாடியில் தொங்கும் மாலை, ஜெபமாலை, தஸ்பீஹ் எதுவானாலும் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். இந்த வாகனங்களின் முன்தூணே போதுமான அளவு மறைக்கிறது.

வைப்பர் றப்பரை வருடத்துக்கொரு முறை, செப்டெம்பரில் மாற்றுங்கள். பிளேடைக் கழற்றியபின் வைப்பர் கையைச் சும்மா விடாமல் கண்ணாடியில் மடித்த துவாய் போடுங்கள். ஸ்பிரிங் கை திரும்ப அடித்து வின்ட்ஸ்கிரீன் வெடித்தால் றப்பரின் விலை மறந்துபோகும்.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் போகிறவர்கள் ஹெட்லைட்டையும் பார்க்க வேண்டும். அந்த வீதியில் யானை நிற்பது மஞ்சளித்த விளக்கில் கடைசி நேரத்தில்தான் தெரியும். சுற்றிவர ரேப் ஒட்டி, 1000, 1500, 2000 இலக்க வோட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் அரத்தாள்) அந்த வரிசையில் தண்ணீர் விட்டபடி தேயுங்கள். 1000 போடும்போது மஞ்சள் நீர் வடியும். அது நின்று வெள்ளை நீர் வந்தபின் அடுத்ததற்குப் போங்கள். முடிவில் நன்றாகக் காயவைத்து, யூவி தடுக்கும் கிளியர் கோட் இரண்டு மெல்லிய பூச்சு அடிக்க வேண்டும். பற்பசை தேய்ப்பவர்களும் கிளியர் கோட்டைத் தவிர்ப்பவர்களும் சில மாதத்தில் மறுபடி அதே மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.