லாபம் கூடியும் பங்கு ஏன் விழுந்தது?

உப்புவெளியில் ஹாட்வெயார் கடை வைச்சிருக்கிறன். சீமெந்து எப்படிப் போகுது என்று கல்லாவில் இருந்தே தெரியும். அந்தத் தைரியத்தில் பங்குச் சந்தையில் இறங்கினன். முதல் வாங்கின கொம்பனி (பேர் வேண்டாம்) லாபம் கூடியதாக அறிக்கை விட்ட அன்றே பங்கு விழுந்தது. புரோக்கர் சிரித்தார்: "அண்ணை, சந்தை இதைவிடக் கூட எதிர்பார்த்தது."

வாங்க முதல் இந்தக் கணக்கைப் போடுங்கோ. பங்கு 60 ரூபா. கடைசி 4 காலாண்டிலும் ஒரு பங்குக்கு வந்த லாபத்தைக் கூட்டினால் 4 ரூபா. அப்போ விலை லாபத்தின் 15 மடங்கு. அதே துறையில் மற்றவை 10 மடங்கில் நின்றால், லாபம் 6 ரூபாவாகும் என்ற நம்பிக்கைக்கு ஏற்கெனவே காசு கட்டியாச்சு. வந்தது 5 என்றால்? லாபம் கூடினதுதான், ஆனால் 10 மடங்கில் விலை 50.

அறிக்கைகள் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கிடக்கு. திருகோணமலையில் ஆலை உள்ள டோக்கியோ சீமெந்தை எடுங்கோ. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். மூன்றாம் காலாண்டு ஒக்டோபர் முதல் டிசம்பர். அதை முந்தின வருசத்து அதே காலாண்டோடு ஒப்பிடுங்கோ, செப்டம்பரில் முடிந்த காலாண்டோடு வேண்டாம். மாரியில் எங்கட பக்கம் கட்டட வேலை படுத்துவிடும். என்ர கடையில் அடி மூட்டை கல்லாகிப் போகும்.

காணி விற்ற லாபம் கலந்திருந்தால் கழியுங்கோ. அது அடுத்த முறை வராது.