நம் பாட்டு தொலைக்காட்சியில் ஒலிக்க: தென்னாப்பிரிக்கத் தமிழ் இசைக்கலைஞர்களுக்கு உரிம வழிமுறை

எங்கள் குழுவின் பாடல் ஒன்று ஓர் ஆவணப்படத்திலும், வேறொன்று பின்னர் ஒரு நாடகத் தொடரிலும் இடம்பெற்றதிலிருந்து, டர்பன் வட்டாரத்தின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளைஞர்கள் பலர் "இதற்கு யாரைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் "இந்தப் பாட்டை நாளை மாலைக்குள் படத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால், அன்றைக்கே, எழுத்தில், "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் அனுப்பக்கூடிய நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். அருமையான பாடல்கள் பல இந்த ஓர் இடத்தில்தான் கைநழுவிப் போகின்றன. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒரு பதிலுக்கான ஆயத்தமே. ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: ஒரு பாட்டில் இரண்டு சொத்து

நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு வேறு; அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு வேறு. படத்தோடு சேர்க்கத் தயாரிப்பாளருக்கு இரண்டுக்கும் அனுமதி தேவை. படைப்புக்குத் தரப்படுவதைச் சிங்க் உரிமம் என்றும், ஒலிப்பதிவுக்குத் தரப்படுவதை மாஸ்டர் உரிமம் என்றும் துறையில் சொல்கிறார்கள். இரண்டும் உங்கள் கையிலேயே இருப்பதுதான் சுயாதீனக் கலைஞருக்கு உள்ள பெரிய பலம். பெரிய நிறுவனத்தின் பாடலுக்கு இரண்டு மூன்று அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டிய தயாரிப்பாளர், உங்களிடம் ஒரே கடிதத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு யாருடையது? ஒலிப்பதிவுக் கூடத்தாரிடம் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்துப் பதிவு செய்வித்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அது பணம் கொடுத்தவருடையது. நண்பர் தம் கூடத்தை இலவசமாகத் திறந்துவிட்டிருந்தால்தான் கேள்வி எழும். நட்பு நன்றாக இருக்கும்போதே, உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக அவரிடம் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் சட்டப்படி செல்லும், வாய்ச்சொல் போதாது.

படி 2: மெட்டு யாருடையது என்று பாருங்கள்

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கோயில் விழாவிலும் கல்யாண மேடையிலும் பாடிப் பழகிய நம் குழுக்களின் பட்டியலில் பாதி திரைப்பாடல்களாகவே இருக்கும். அவற்றை நீங்கள் எவ்வளவு அழகாகப் பாடிப் பதிவு செய்திருந்தாலும், சிங்க் உரிமம் இந்தியாவில் உள்ள இசை நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். ஆகவே அவற்றை இந்த வேலைக்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

பக்திப் பாடல்களில் கூடுதல் கவனம் வேண்டும். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மை. ஆனால் தைப்பூசக் காவடியில் நீங்கள் கேட்டு வளர்ந்த மெட்டு, அண்மைக் காலத்தில் ஓர் இசையமைப்பாளர் இசைத்தட்டுக்காகப் போட்ட மெட்டாக இருக்கலாம். பாரதியார் பாடல்களிலும் இதே நிலைதான்: கவிதை பொதுச் சொத்து, பிரபலமான மெட்டு பெரும்பாலும் வேறொருவருடையது. சொல்லைப் பழைய நூலிலிருந்து எடுத்து, மெட்டை நீங்களே அமைப்பதே பாதுகாப்பான வழி.

நாட்டுக்கு நாடு உரிமைக்காலம் மாறுவதையும் மறக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் படைப்பாளி இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள், இந்தியாவில் 60. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் வாழ்நாளிலேயே வெளிவந்த பாடல்களுக்கான உரிமை 2023 முடிவோடு இங்கே தீர்ந்துவிட்டது. இந்தியாவிலோ 2033 முடியும் வரை இருக்கிறது. உள்ளூர் அலைவரிசைக்குச் சிக்கலின்றிக் கொடுக்கக்கூடிய ஒரு பாட்டு, அதே நிகழ்ச்சி இந்தியாவுக்கு விற்கப்படும்போது சிக்கலாகும் என்பது இதன் பொருள். தயாரிப்பாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நாணயமான செயல்; அவர் உங்களை மறுபடியும் தேடி வருவதற்கும் அதுவே காரணமாகும்.

படி 3: கையெழுத்துகள்

பாட்டு முடிந்த அன்றே, எல்லோரும் கூடத்தில் இருக்கும்போதே, பங்கீட்டுத் தாள் ஒன்றை நிரப்புங்கள். சொல் எழுதியவர், மெட்டமைத்தவர், இசையை ஒழுங்கமைத்தவர் ஆகியோரின் முழுப்பெயர், விழுக்காடு, கையெழுத்து, தேதி ஆகியவை அதில் இருந்தால் போதும். கூட்டுத்தொகை சரியாக 100 வர வேண்டும்.

வாசித்தவர்களுக்குத் தனித் தாள். எனக்கு அதிக நாள் பிடித்த படி இதுதான். எங்கள் பாடலுக்கு நாதஸ்வரம் வாசித்த பெரியவர் கோயில் சேவையைத் தவிர வேறெதற்கும் கையெழுத்துப் போட்டுப் பழகாதவர். "வாசித்ததற்குத்தான் மரியாதை செய்துவிட்டீர்களே தம்பி, இது என்ன பத்திரம்?" என்று கேட்டார். தொலைக்காட்சியில் ஒலிக்கும்போது அவர் வாசிப்பும் சேர்ந்தே போகிறது என்பதையும், அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும் என்று 1967ஆம் ஆண்டின் கலைஞர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது என்பதையும், உரிமத் தொகையில் அவருக்கு உரிய பங்கையும் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, பேரனை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டார். அவர் படித்துப் பார்த்தது முற்றிலும் சரி. உங்கள் கலைஞர்களும் அப்படிப் படித்துப் பார்க்க நேரம் கொடுங்கள். தாளை நீட்டி அவசரப்படுத்தாதீர்கள். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் குழுவாகப் பாடியிருந்தால் ஒவ்வொருவருக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

படி 4: பதிவுகள்

சாம்ரோ: பாடல் படைப்பாளர்களுக்கான உரிமைத் தொகைச் சங்கம், 1961இல் தொடங்கப்பட்டது. பாடல் பொதுவில் ஒலிக்கும்போதும் ஒலிபரப்பாகும்போதும் சொல்லாசிரியருக்கும் மெட்டமைத்தவருக்கும் சேர வேண்டிய தொகையை வசூலித்துத் தருகிறது. உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாக அறிவிக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கபாசோ: பாடல் பிரதியெடுக்கப்படும்போதும், இணையத்தில் தரவிறக்கமாகவும் ஸ்ட்ரீமிங்காகவும் போகும்போதும் படைப்புக்கு வரும் தொகையை வசூலித்துத் தரும் சங்கம். சேரும்போது, சிங்க் உரிமை உங்களிடமே நிற்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்ப்ரா: ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் அதில் பாடி வாசித்தவர்களுக்கும் உரிய தொகையை வசூலித்துத் தரும் சங்கம். லோட்டஸ் எஃப்எம் போன்ற வானொலிகளில் உங்கள் பதிவு ஒலிக்கும்போது இது கைகொடுக்கும்.

ஐஎஸ்ஆர்சி எண்: ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய 12 எழுத்தெண் அடையாளம். இங்கே இசைப்பதிவுத் துறையின் சங்கமான ரிசா அமைப்பு இதற்கான பதிவாளர் குறியைத் தருகிறது. உங்கள் பாடலை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் வினியோகஸ்தர் ஏற்கெனவே ஓர் எண் கொடுத்திருந்தால் அதையே எங்கும் பயன்படுத்துங்கள். ஒரே பதிவுக்கு இரண்டு எண் வாங்குவது வீண் குழப்பம். குரலில்லாத இசை வடிவம் தனிப் பதிவு என்பதால் அதற்குத் தனி எண் வேண்டும்.

படி 5: கோப்புகள்

தொலைக்காட்சிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு. குரலோடு கூடிய முழுப்பாடல், குரலில்லாத இசை, 60 நொடி, 30 நொடி வடிவங்கள் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். குரலில்லாத வடிவம் மிக மிக முக்கியம். வசனத்தின் அடியில் பாட்டு ஓடும்போது குரல் குறுக்கிட்டால் தொகுப்பாளர் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போய்விடுவார். மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும் முடிவை விட, தவிலில் தீர்மானம் வைத்தது போல் தெளிவாக முடியும் முடிவே அவர்களுக்கு வேண்டும்.

தனித்தனி வாத்தியத் தடங்களையும் கேட்பார்கள். தவிலையும் நாதஸ்வரத்தையும் ஒரே அறையில் வைத்துப் பதிவு செய்தால் நாதஸ்வர மைக்கில் தவில் பாதிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்துத் தர வழியே இல்லை. இரண்டையும் தனி அறைகளில், காதொலிப்பானில் ஒருவரையொருவர் கேட்டபடி வாசிக்க வையுங்கள். நேருக்கு நேர் முகம் பார்த்து வாசித்தே பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். இடையில் கண்ணாடிச் சுவர் உள்ள கூடம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சுருதியையும் வேகத்தையும் கோப்போடு குறிப்பாக எழுதி அனுப்புங்கள். நாதஸ்வரத்தின் சுருதி கீபோர்டின் சுருதியோடு ஒத்துப்போகாத பதிவு என்றால், அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒலிப்பதிவு மென்பொருளில் என் தேர்வு ரீப்பர். தடங்களை ஒரே கட்டளையில் தனித்தனிக் கோப்புகளாக எடுத்துத் தருகிறது. விலையும் நம் ரேண்டுக்கு எட்டக்கூடியது. பெயர், தொடர்பு, ஐஎஸ்ஆர்சி எண் ஆகியவற்றைக் கோப்புக்குள் எழுத எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும். வேவ் கோப்புகளில் இந்தத் தகவல் எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரிவதில்லை என்பதால், கேட்டுப் பார்ப்பதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 வடிவம் ஒன்றையும் கூடவே அனுப்பிவிடுவேன்.

படி 6: யாருக்கு அனுப்புவது

அலைவரிசையின் பொது முகவரிக்கு அனுப்புவதில் பயன் குறைவு. எஸ்ஏபிசி, இ.டிவி, டிஎஸ்டிவி ஆகியவற்றில் வரும் தொடர்களையும் ஆவணப்படங்களையும் பெரும்பாலும் வெளித் தயாரிப்பு நிறுவனங்களே எடுத்துக் கொடுக்கின்றன. நிகழ்ச்சி முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்திப் படியுங்கள். தயாரிப்பு நிறுவனம், இசை மேற்பார்வையாளர், தொகுப்பாளர் ஆகிய பெயர்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. பெரிய கோப்பு எதையும் மின்னஞ்சலோடு இணைக்காதீர்கள். கேட்கவும் தரவிறக்கவும் கூடிய ஒரே இணைப்பு, பாட்டின் பொருளை இரண்டு வரியில், "படைப்பு, பதிவு இரண்டின் உரிமையும் எங்களிடமே உள்ளன" என்ற ஒரு வரி: கடிதம் இவ்வளவுதான். தமிழ் தெரியாத தயாரிப்பாளருக்குச் சொற்களின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். என்ன பாடப்படுகிறது என்று தெரியாத பாட்டை யாரும் காட்சியில் வைக்க மாட்டார்கள்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டிரூரோ என்ற முதல் கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளையொட்டி ஒப்பந்தத் தொழிலாளர் வரலாற்றைப் பேசும் நிகழ்ச்சிகள் வருகின்றன. தீபாவளிக்கும், ஈஸ்டர் வாரத்தில் நடக்கும் இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவுக்கும் இதே போலத்தான். விழாவுக்குச் சில வாரம் முன்பு அனுப்பினால் படம் முடிந்திருக்கும். மூன்று நான்கு மாதம் முன்னதாக அனுப்புங்கள்.

படி 7: ஒப்பந்தம்

எந்த நிகழ்ச்சி, எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, தொலைக்காட்சி மட்டுமா அல்லது இணைய ஸ்ட்ரீமிங்கும் சேர்த்தா, விளம்பர முன்னோட்டத்திலும் பயன்படுத்துவார்களா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், எல்லா ஊடகத்திலும் என்று கேட்டால் தொகையும் அதற்கேற்ப உயர வேண்டும். வேறு யாருக்கும் பாட்டைக் கொடுக்க விடாத பிரத்தியேக உரிமத்துக்குச் சிறு தொகையில் சம்மதிக்காதீர்கள். படைப்பாளர் பங்கையும் சேர்த்து ஒரேயடியாக எழுதி வாங்கும் வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். சாம்ரோ வழியாக ஒவ்வோர் ஒளிபரப்புக்கும் வரக்கூடிய தொகை அந்த வரியால்தான் பறிபோகும்.

படி 8: கியூ ஷீட்

உரிமத் தொகை கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒளிபரப்புத் தொகை உங்களை வந்தடைவதற்குக் கியூ ஷீட் என்ற ஒரு தாள் வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், அத்தியாயம், அதில் ஒலித்த ஒவ்வொரு பாட்டின் தலைப்பு, படைப்பாளர்கள், எத்தனை நொடி, பின்னணியா முன்னணியா ஆகியவற்றைத் தயாரிப்பு நிறுவனம் அதில் நிரப்பித் தர வேண்டும். சாம்ரோ அந்தத் தாளில் உள்ள தலைப்பையும் பெயரையும் தன்னிடம் அறிவிக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டுத்தான் பணத்தைப் பிரிக்கிறது.

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். எங்கள் நாடகத் தொடர் பாட்டின் தலைப்பில் 'அம்மா' என்ற சொல் வருகிறது. நாங்கள் சாம்ரோவில் இரண்டு 'எம்' போட்டு அறிவித்திருந்தோம்; தயாரிப்பு அலுவலகத்தில் யாரோ ஒற்றை 'எம்' போட்டு, மெட்டமைத்தவரின் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி நிரப்பிவிட்டார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகும் எங்கள் கணக்குத் தாளில் அந்தப் பாட்டைக் காணவில்லை. சாம்ரோ வெளியிடும் அடையாளம் தெரியாத படைப்புகளின் பட்டியலில்தான் அதைக் கண்டுபிடித்து, பங்கீட்டுத் தாளைக் காட்டி உரிமை கோரினோம்.

ஆகவே ஒரு பாட்டுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்து, சாம்ரோ, ஐஎஸ்ஆர்சி, கோப்பின் பெயர், ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். வேறு விதமாக எழுதப்படக்கூடிய வடிவங்களைச் சாம்ரோ அறிவிப்பிலேயே மாற்றுத் தலைப்புகளாகச் சேர்த்துவிடலாம். ஒப்பந்தத்தின் இணைப்பாக, கியூ ஷீட்டில் அப்படியே ஒட்டக்கூடிய வரியை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள். ஒளிபரப்புக்கு முன் கியூ ஷீட்டின் பிரதி எங்களுக்கு வர வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்; இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்த, பிரான்ஸைச் சேர்ந்த ரியூனியன் தீவின் வாசகர் ஒருவர், தாம் அங்குள்ள சாம்ரோ போன்ற சங்கமான சாசெமின் உறுப்பினர் என்றும், டர்பன் தயாரிப்பு ஒன்றுக்குப் பாட்டுக் கொடுக்கச் சாம்ரோவிலும் சேர வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். இத்தகைய சங்கங்களுக்கிடையே பரஸ்பர ஒப்பந்தம் உண்டு. இங்கே வசூலாகும் தொகை சாசெம் வழியாகவே அவருக்குப் போய்ச் சேரும். ஒரே பாட்டை ஒரே உரிமைக்காக இரண்டு சங்கத்தில் அறிவித்தால்தான் இரு பக்கமும் பணம் நிறுத்தி வைக்கப்படும். சிங்க் உரிமத்தைப் பொறுத்தவரை, சாசெம் உறுப்பினர் ஒப்பந்தத்தில் அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன் அவர் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.