வன்னியில் டைனோசர் தேட முன்னம்

கிணறு வெட்டுகிற இடத்தில் வித்தியாசமான கல்லொன்று வந்தால், "இது டைனோசர் எலும்போ சேர்?" என்று பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அந்த ஆவல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் எலும்பைத் தேட முன்னம் பாறையின் வயதைக் கேட்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

டைனோசர்களின் காலம் ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. வவுனியாவின் கருங்கல்லோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது; நிலத்தின் ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறியது. பூநகரி, மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலக் கடலில் படிந்தது, 2.3 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. ஒன்று மிகப் பழையது, மற்றது மிகப் புதியது. இடைப்பட்ட ஜுராசிக் பாறை புத்தளத்துக்குக் கிட்டத் தப்போவையில் இருக்கிறது; அங்கே கிடைத்தவை செடிகளின் பதிவுகள். ஆகவே நம் சுண்ணக்கல்லில் சிப்பியையும் பவளத்தையும் தேடுங்கள். அவையும் புதைபடிவங்கள்தான்.

குளத்து முதலையை டைனோசர் என்பதும் பிழை. அது தூரத்து உறவு மட்டுமே. முற்றத்துக் கோழிதான் நேர் வாரிசு. எச்சத்தில் மிஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கரிம முறையால் டைனோசரின் வயதை அறியலாம் என்பதும் பிழையே. அம்முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது.

இடத்தைக் குறிக்காமல் கல்லைப் பெயர்த்தெடுத்தால் பாதிக் கதை போய்விடும். எந்தப் பாறைப்படை, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று கொப்பியில் எழுதி, படமும் எடுங்கள். தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்து 1987இல் விவரிக்கப்பட்ட பிருகத்காயோசரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் பின்னர் சிதைந்தே போயின. மிஞ்சிய சில கோட்டுப்படங்களையும் ஒளிப்படங்களையும் வைத்துத்தான் அதன் பருமனைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள்.

கடைசித் தவறு நம் மண்ணுக்கே உரியது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்காதீர்கள். புதைபடிவம் பெரும்பாலும் பாறைக்குள் இருக்கும், கல்லாகிக் கனக்கும். மேல்மண்ணில் வெளிப்படும் எலும்பு அப்படியல்ல. மாட்டினுடையதாக இருக்கலாம், மனிதருடையதாகவும் இருக்கலாம். 2023இல் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் குழாய்நீருக்காக நிலம் வெட்டியபோது வெளிவந்தவை மனித எச்சங்கள். அப்படி எதையும் கண்டால் கிண்டாதீர்கள், கழுவாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உடனே கிராம அலுவலரிடமும் பொலிஸிடமும் சொல்லுங்கள். அந்த எலும்பு யாருடையது என்று அறிய ஒரு தாய் இன்னும் காத்திருக்கக்கூடும்.