தோல் தைக்கும் பழைய இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்துதல்

மேலப்பாளையம் சந்தைக்கு வரும் காளையின் சலங்கை வாரானாலும், பாளையங்கோட்டைக் கடையில் விற்கும் தோல் பையானாலும், அதைத் தைக்கும் இயந்திரத்திடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: நிமிடத்துக்கு நூறு தையல் என்ற மெதுவான ஓட்டத்திலும் தடித்த தோலுக்குள் ஊசியைத் தயங்காமல் இறக்கும் விசை. காலால் மிதித்து ஓட்டும் பழைய கனரக இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்த வருபவர்கள் பெரும்பாலும் எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்றே கேட்கிறார்கள். நான் முதலில் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளின் விட்டத்தைக் கேட்பேன்.

மோட்டார் வாங்குமுன் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். ஊசியைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினால் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கக்கூடும். கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயை விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நாளடைவில் தடித்து, தண்டுகளைத் தாங்கும் உலோகக் குழல்களான புஷ்களைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்து அழுக்கைக் கரைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே தையல் இயந்திரத்துக்குரிய வெள்ளை எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் விட வேண்டும். ஊசித் தண்டு பக்கவாட்டில் ஆடினால் முதலில் புஷ்ஷை மாற்றுங்கள். சட்டைத் துணி தைப்பதற்கென்று செய்த இயந்திரத்துக்கு எந்த மோட்டாரைப் போட்டாலும் அது தடித்த வார் தைக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி கணக்கு. கைச்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு தையல் விழும். மோட்டாரின் சுற்று வேகத்தை அதன் புல்லி விட்டத்தால் பெருக்கிக் கைச்சக்கர விட்டத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை தையல் என்பது கிடைக்கும். 1440 சுற்று மோட்டாரில் 50 மி.மீ. புல்லியும் 150 மி.மீ. கைச்சக்கரமும் இருந்தால் 480 தையல் வரும். 2880 சுற்று மோட்டாரென்றால் 960. கெட்டியான தோலுக்கு இரண்டுமே அதிகம். ஆகவே மோட்டாருக்கும் கைச்சக்கரத்துக்கும் நடுவே, ஒரே தண்டில் 150 மி.மீ. புல்லி ஒன்றும் 50 மி.மீ. புல்லி ஒன்றும் கோத்த இடைத்தண்டு ஒன்றை வைக்க வேண்டும். மோட்டார் பெல்ட் பெரிய புல்லிக்கும், கைச்சக்கர பெல்ட் சிறிய புல்லிக்கும் போக வேண்டும். அப்போது 480 என்பது 160 ஆகக் குறையும். உராய்வில் போவது நீங்கலாக, ஊசியை இறக்கும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகும். இந்தத் தண்டையும் அதன் இரண்டு பேரிங்குகளையும் எந்த லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். செலவில் சிக்கனம் வேண்டுமென்றால் மோட்டாரில் பாருங்கள், இதில் பார்க்காதீர்கள்.

மோட்டாரில் என் தேர்வு சர்வோ மோட்டார்தான். கிளட்ச் மோட்டார் மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியை பெல்ட்டோடு இணைத்தும் பிரித்தும் விடும் கிளட்சைப் பாதியில் நிறுத்தி ஒவ்வொரு தையலாக நகர்த்துவதற்கு நீண்ட கால் பழக்கம் வேண்டும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் சுற்றும், உச்ச வேகத்தையும் நாமே குறைத்து வைக்கலாம். ஆனால் விலை குறைந்தவை மிகக் குறைந்த வேகத்தில் தடுமாறும். இடைத்தண்டு இருந்தால் மோட்டார் 900 சுற்றில் இயல்பாக ஓடும்போதே ஊசிக்கு 100 தையல் கிடைக்கும். வீட்டு இயந்திரத்தின் பக்கத்தில் மாட்டும் சிறிய மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது. மெதுவாக ஓட்டினால் விசை இழந்து சூடாகிவிடும்.

மிதி இயந்திரத்தின் மெல்லிய பலகை மோட்டாரைத் தாங்காது. 19 மி.மீ. ஒட்டுப்பலகை இரண்டை ஒட்டி மேசை செய்து, மோட்டாரை அடியில் போல்ட்டுகளால் ஊடுருவ முடுக்குங்கள். மரத்தில் முடுக்கும் திருகாணி அதிர்வில் தளரும். மிதி இயந்திரத்தின் கைச்சக்கரப் பள்ளம் உருண்டை வாருக்கு வெட்டியது. வி வடிவ பெல்ட் அதில் உட்காராது. லேத்தில் வி பள்ளமுள்ள வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்றைக் கடைந்து மாற்றிக்கொள்வது நல்லது. அதன் கனமும் ஊசிக்குத் துணை செய்யும். ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் புல்லிகள் நேர்கோட்டில் உள்ளனவா என்று பாருங்கள். சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைக் கையால் தைத்து உறுதிசெய்துகொண்டு, மோட்டாரின் திசையை அதற்கேற்ப அமைக்க வேண்டும். பெல்ட்டுக்கு மூடி கட்டாயம்.

230 வோல்ட் இணைப்பை மூன்று முனைப் பிளக்கில் கொடுத்து, இயந்திரத்தின் இரும்பு உடலையும் எர்த்தோடு இணையுங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

தோலை வெட்டிக்கொண்டு இறங்கும் கூர்முனையுள்ள, தோலுக்கென்றே செய்த ஊசியைப் போடுங்கள். பைத் தோலுக்கு 18ஆம் எண், தடித்த வாருக்கு 22ஆம் எண். ஊசிக் காம்பின் அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால் பழைய ஊசியைக் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. புதிய ஊசி, மேல்நூலை அடிநூலோடு பின்னும் கொக்கியில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே மிதிக்க வேண்டும். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும், நெருக்கித் தைத்தால் துளை வரிசையிலேயே தோல் கிழியும். தைக்கப்போகும் தோலின் துண்டுகளிலேயே சோதித்து, நூல் முடிச்சு தோலின் நடுவில் விழும்வரை இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். புது பெல்ட் சில நாளில் நீளும் என்பதால் முதல் வாரம் முடிந்ததும் அதை மீண்டும் இறுக்கி, மேசையின் போல்ட்டுகளையும் ஒரு சுற்று முடுக்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இயந்திரம் சும்மா கிடந்தாலும் எண்ணெய் விடுவதை நிறுத்தக் கூடாது.